இரங்கலும் அதன் நிமித்தமும்

தமிழ் இலக்கண நூலார் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் ஒழுக்கத்தை உரிமையாக்கினர். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு அவர்கள் வகுத்தது இரங்கல். அதனோடு நின்றுவிடாமல் ‘இரங்கல் நிமித்தம்’ என்று இன்னொன்றையும் உடன் சேர்த்தனர். உரையாசிரியர்கள் இதற்கு அகப்பொருள் முறையில் பொருள் சொல்வர். நாம் அச்சொல்லை நம் காலத் தேவைக்காகச் சற்று விரித்துக் கொள்கிறோம். இரங்குவது ஒன்று; எதன் பொருட்டு இரங்குகிறோம், அதற்கு முன் இருந்தது யாது, பின் வந்தது யாது என்பது மற்றொன்று. கடற்கரை மக்களிடமிருந்து இரங்கலைக் கேட்டு நாம் நெடுங்காலம் பழகிவிட்டோம். அவர்களுடைய பிள்ளைகளிடமிருந்து நிமித்தத்தையும் கேட்டோமா என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினா.

இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்த இடம் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுவர். சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருவோர் ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்து கிடக்கும் உப்பளங்களையும் காண்பர். ஏறக்குறைய 3,000 ஏக்கர் அளவில் அங்கே உப்பு விளைகிறது. அதற்குத் தெற்கே, 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி. கரையோரம் எக்கியார்குப்பம் முதலிய மீனவக் குப்பங்கள். இன்னும் தெற்கே, புதுச்சேரியை ஒட்டி, நம் சமுதாய மக்கள் மிகுதியாக வாழும் கோட்டக்குப்பம்.

இக்கரை பட்ட அடிகளை வரிசையாகச் சொல்வோம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை. 2011 டிசம்பர் 30-இல், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, மரக்காணத்துக்கு அருகிலேயே கரையேறிய நிவர். 2024 நவம்பர் 30-இல், கரையைத் தொட்டும் நகராமல் புதுச்சேரி அருகே நின்றுவிட்ட ஃபெஞ்சல். அந்த ஒரு நாளில் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. இருபது ஆண்டுகளுக்குள் நான்கு பேரிடர்கள். முதல் பேரிடரில் கைக்குழந்தையாயிருந்தவர் நான்காம் பேரிடரில் இருபது வயது இளைஞர். அவருடைய வாழ்க்கைக் கதையில் அத்தியாயங்களைப் பிரிக்கும் கோடுகள் புயல்களே எனலாம்.

நாம் செய்த பிழை

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையைச் சொல்லிவிடுவது முறை. ஃபெஞ்சல் புயல் கடந்து இரண்டு மாதங்களுக்குப் பின், அக்கரையில் ஒரு பள்ளியில் நடந்த கட்டுரைப் போட்டிக்கு நடுவராக அமரும் வாய்ப்பு நமக்கு நேர்ந்தது. ‘புயலும் நானும்’ என்பது தலைப்பு. மாணவர்கள் தம் துயரத்தை எழுதி ஆற்றிக்கொள்ள வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் பள்ளியார் அதனை ஏற்பாடு செய்தனர்.

நாம் முதற்பரிசுக்குத் தேர்ந்த கட்டுரை இயற்கை அன்னையின் சீற்றத்தோடு தொடங்கிற்று. அறிஞர் மொழிகள் மூன்று மேற்கோளாக வந்தன. உலகம் வெப்பமடைதல் குறித்து ஒரு பத்தி. மரம் வளர்க்கும் உறுதிமொழியோடு முடிவுரை. பிழையற்ற நடை, அழகிய கையெழுத்து. அதை எழுதிய மாணவரின் வீடு அக்கட்டுரையில் எங்குமே இல்லை என்பது அப்போது நம் கண்ணுக்குப் படவில்லை.

மற்றொரு கட்டுரை ஒரே பக்கம். எழுதியவள் உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள். ஓலை போட்டு மூடியிருந்த உப்புக் குவியலில் பாதி கரைந்து போயிற்று என்று எழுதியிருந்தாள். தகப்பனார் மூன்று நாள் வரப்பில் போய் நின்றார். வீட்டுக்கு வந்தால் பேசவில்லை. வாங்கிய முன்பணத்தை எப்படிக் கழிப்பது என்று தாயார் கேட்டார். அதற்கும் விடை இல்லை. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற அளவுக்குத் தம்பி கரித்துண்டால் ஒரு கோடு கிழித்தான். ‘கோடு இன்னும் இருக்கிறது’ என்பது அவளுடைய கடைசி வாக்கியம். நாம் அதன் கீழே சிவப்பு மையால் ‘முடிவுரை இல்லை’ என்று எழுதி, மதிப்பெண் குறைத்தோம்.

ஊர் திரும்பிய பின்னரே அந்தக் கடைசி வாக்கியம் நம்மைத் துரத்தத் தொடங்கிற்று. அவளுக்கு முடிவுரை எழுதத் தெரியாமல் இல்லை. முடியாத ஒன்றை முடிந்ததாக எழுத அவள் உடன்படவில்லை. அந்தச் சிறுமியின் நேர்மையை நாம் குறையாக எண்ணினோம். பேரிடர் கண்ட பிள்ளைகளின் கதைகளை எப்படிக் கேட்பது, எப்படிப் படிப்பது என்பதை நாம் கற்க வேண்டியிருக்கிறது என்ற எண்ணம் அன்று பிறந்தது. இக்கட்டுரை அதன் பயன்.

அலையை மட்டும் கேட்பவர்கள்

சுனாமிக்குப் பின்வந்த மாதங்களில் நம் கடற்கரை எங்கும் காகிதமும் வண்ணக் குச்சிகளும் வந்திறங்கின. பிள்ளைகளை உட்காரவைத்து அலையை வரையச் சொன்னார்கள். அலையைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். தொலைக்காட்சியினர் வந்து, தாயை இழந்த பிள்ளையிடம் தாயைப் பற்றியே கேட்டுக் கண்ணீர் வரும்வரை காத்திருந்தனர். இவர்களிற் பலர் நல்லவர்களே. ஆயினும் அவர்கள் கேட்டது ஒரே ஒரு காட்சி. அலை வருமுன் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாழ்வு இருந்தது. அலை போன பின்னும் ஒரு வாழ்வு இருக்கிறது. கேட்டவர்களுக்கு அவ்விரண்டும் வேண்டியிருக்கவில்லை.

உப்பளத்துப் பிள்ளையின் நிலை இன்னும் வேறு. குப்பத்தில் அலை வந்து ஆளையும் படகையும் வலையையும் கொண்டுபோகிறது. அது எல்லோருக்கும் தெரிகிறது. உப்பளத்தில் நேர்வது ஓசையில்லாத பேரிடர். நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலும் காற்றும் அதனை வற்றச் செய்ய, அடியில் படிந்த உப்பைப் பலகையால் வாரிக் குவிப்பது அங்குள்ள தொழில். தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்து தொடங்கினால், வடகிழக்குப் பருவமழை வரும் வரையில்தான் வேலை. மழை விழுந்தால் விளைந்த உப்பு மறுபடியும் நீராகிவிடும். வெள்ளம் வந்தால் பாத்தியெல்லாம் சேறு. அதனை வழித்தெடுத்து, தரையை மிதித்து இறுக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மழைக்கால மூன்று மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது, அந்த மாதங்களில் அடுப்பு எரிவது அரிது என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்குச் சான்று. இந்தத் துயரில் இறந்தவர் இல்லை. ஆகவே நிழற்படம் இல்லை. ஆகவே கேட்பாரும் இல்லை. ஆனால் பேசாமல் வரப்பில் நிற்கும் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் மனத்தில் அதுவும் புயல்தான்.

இலக்கியத்தில் உப்பளத்தார் துயரைச் சொல்ல முற்பட்டவர் ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய அவருடைய ‘கரிப்பு மணிகள்’ என்னும் நாவலை நம் வாசகர் பலர் அறிவர். அவர் சென்று கண்டு எழுதினார்; அது பெரும் பணி. எனினும் அது வெளியிலிருந்து வந்த ஒருவரின் பரிவு. பாத்தியில் நிற்கும் வீட்டுப் பிள்ளை தானே தன் வாயால் சொல்லும் கதைக்கு அது ஈடாகாது. ஈடாக வேண்டும் என்று அவர் கருதியிருக்கவும் மாட்டார்.

சொல்லவைத்தலும் சொல்லவிடுதலும்

துயரத்தை வாய்விட்டுச் சொன்னால் மனம் ஆறும் என்பது நம் பாட்டிமார் அறிந்த உண்மை. அண்மைக் காலத்தில் அறிவியலாரும் இதனைச் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். 1986-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் ஜேம்ஸ் பென்னிபேக்கர், தம் உடன் ஆய்வாளரோடு சேர்ந்து, கல்லூரி மாணவர் சிலரைத் தம் வாழ்வின் ஆழ்ந்த துயரைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாட்கள் எழுதச் செய்தார். எழுதிய உடனே அவர்களுடைய மனம் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடியது குறைந்தது.

இவ்வளவோடு நின்றால் கட்டுரைப் போட்டி நடத்துவோர் மகிழ்ந்து போவார்கள். ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. விபத்தோ பேரிடரோ நேர்ந்த உடனே ஆட்களைக் கூட்டி, ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் கொட்டச் செய்யும் முறை ஒன்று மேலைநாடுகளில் பரவியிருந்தது. அதைப் பற்றிய சோதனைகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்து 2002-இல் வெளியான அறிக்கை, அம்முறை பின்னாளைய மனநோயைத் தடுக்கவில்லை என்றும், சில சோதனைகளில் கேடே விளைந்தது என்றும் கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட முதலுதவிக் கையேடும் துன்புற்றவரைக் கதை சொல்லும்படி வற்புறுத்தலாகாது என்றே அறிவுறுத்துகிறது. அருகிலிரு, உணவும் இடமும் உறவினரும் கிட்ட உதவு, அவர் பேசினால் கேள். நம் பெரியோர் துக்கம் விசாரிக்கப் போன முறையும் இதுதானே?

ஆகவே சொல்லவைப்பது வேறு, சொல்லவிடுவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து செய்த ஒரு பணியை இங்கே விரிவாகக் கூற வேண்டும்.

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலார், போரால் துன்புற்றோருக்கென ஒரு முறையை வகுத்தனர். அதில் ஒரு கயிற்றைத் தரையில் நீளமாக இடுவார்கள். அது பிள்ளையின் வாழ்க்கை. பிறப்பிலிருந்து தொடங்கி, மகிழ்ச்சியான நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவையும் துன்ப நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்லையும் பிள்ளையே கயிற்றின் மேல் வைக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை சுருண்டு கிடக்கும். அது இனி வரப்போகும் வாழ்வு. பின்பு அமர்வு அமர்வாக ஒவ்வொரு பூவையும் கல்லையும் பற்றிப் பிள்ளை சொல்ல, கேட்பவர் அதனை எழுதி, அடுத்த அமர்வில் படித்துக் காட்டுவார். பிள்ளை திருத்தும். இறுதியில் அந்த வரலாறு பிள்ளையின் கையிலேயே கொடுக்கப்படும்.

சுனாமிக்குப் பின் சில வாரங்களுக்குள், இலங்கையின் வடகிழக்கில் ஓர் அகதி முகாமில், போரும் அலையும் இரண்டும் கண்ட 31 தமிழ்ப் பிள்ளைகளிடம் இம்முறையைச் சோதித்தனர். உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களே ஆறு அமர்வுகளை நடத்தினர். ஒரு பகுதியினர் கதை சொன்னார்கள். மற்றொரு பகுதியினருக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும் தரப்பட்டன. ஆறு மாதங்களுக்குப் பின் கதை சொன்னவர்களில் நூற்றுக்கு 81 பேரும், அமைதிப் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 71 பேரும் தேறியிருந்தனர். கிளாடியா கட்டானியும் உடன் ஆய்வாளரும் 2009-இல் இதனை வெளியிட்டனர். இரு முறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்றே அவர்கள் நேர்மையாக எழுதினர். கதை நல்ல மருந்து. ஆனால் ஒரே மருந்து என்று கூறுவதற்கில்லை. பேச விரும்பாத பிள்ளைக்கும் தேறும் வழி உண்டு.

இந்த முறையை ஓர் இலக்கிய வடிவமாகவே நாம் நோக்குகிறோம். பூவும் கல்லும் ஒரே கயிற்றில் கிடக்கின்றன. கல்லை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்ட இடமில்லை. அலை ஒரு கல். அதற்கு முன் மாமன் வாங்கித் தந்த மிதிவண்டி ஒரு பூ. அதற்குப் பின் மறுபடியும் பள்ளி திறந்த நாள் ஒரு பூ. கயிறு முடியவும் இல்லை. நாம் பள்ளியில் கற்பிக்கும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்தைவிட இக்கயிறு பிள்ளையின் வாழ்வுக்கு உண்மையாக இருக்கிறது. ‘கோடு இன்னும் இருக்கிறது’ என்று எழுதிய சிறுமி, எவரும் சொல்லிக் கொடுக்காமலே கயிற்றின் சுருண்ட முனையைச் சுருட்டியபடியே விட்டுவைத்திருந்தாள்.

பொம்மையும் பூங்காவும்

மரக்காணம் கரைக்கு அண்மையிலேயே எழுந்த ஒரு முயற்சியும் உண்டு. சுனாமிக்குப் பின் ஆரோவில்லில் உள்ள உபாசனா என்னும் நிறுவனத்தார், சுற்றுவட்டார மீனவப் பெண்களை அமரவைத்து, துணிக்கடையில் எஞ்சிய துண்டுகளைக் கொண்டு விரலளவு பொம்மை செய்யக் கற்பித்தனர். ‘சுனாமிகா’ என்பது அதன் பெயர். அது விற்கப்படுவதில்லை, அன்பளிப்பாகவே தரப்படுகிறது. பல நாடுகளுக்கும் அது சென்றிருக்கிறது. அதைப் பற்றிய கதைப்புத்தகமும் பல மொழிகளில் வந்திருக்கிறது.

இதன் சிறப்பு எதில் இருக்கிறது? பொம்மையின் அழகை விட, அதைச் செய்த கைகளில் இருக்கிறது என்போம். கை வேலையில் இருக்கும்போது வாய் தானே பேசத் தொடங்கும். பேச விரும்பாதவள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வலை பின்னும் இடத்திலும் பீடி சுற்றும் திண்ணையிலும் பாய் முடையும் வீட்டிலும் நம் பெண்கள் தம் வாழ்வை ஒருவருக்கொருவர் சொல்லி வந்தது இவ்வாறுதான். குறை ஒன்றும் சொல்ல வேண்டும். உலகம் சுற்றியது பொம்மையின் கதை; பொம்மை செய்தவர்கள் அந்த அறையில் ஒருவருக்கொருவர் சொன்ன கதை அறையோடு நின்றது. அது அவர்களுக்குள் இருக்க வேண்டிய கதையாயின் அப்படியே இருப்பது நன்று. ஆனால் எது வெளியே போக வேண்டும், எது உள்ளே இருக்க வேண்டும் என்பதைச் சொன்னவரே முடிவு செய்ய வேண்டும் என்னும் நெறியை இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

இதற்கு மாறான காட்சியைத் தனுஷ்கோடியில் காணலாம். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயல், பாம்பனிலிருந்து வந்த ரயிலை அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கொண்டுபோயிற்று, ஊரே அழிந்தது. இன்று அந்த இடிபாடுகள் சுற்றுலாத் தலம். சங்கும் சிப்பியும் விற்கும் பிள்ளைகள், கேட்போருக்கு அப்புயலின் கதையையும் சொல்கிறார்கள். அறுபது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அக்கதையில் ரயில் இருக்கிறது. அச்சிறுவனின் பாட்டனார் இல்லை. கேட்பவருக்காகவே சொல்லப்படும் கதை சொல்பவருக்கு ஆறுதலாவதில்லை. அது ஒரு சரக்காகிவிடுகிறது.

மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நன்று. பால் ஹோகன் என்னும் கனடா நாட்டுக் கலைஞரும், பால் சற்குணநாயகம் என்னும் இயேசு சபைப் பாதிரியாரும் உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து உருவாக்கிய இடம் அது. 1990-இல் நிகழ்ந்த படுகொலைகளுக்குப் பின் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து பிள்ளைகளை ஒரே பூங்காவுக்குக் கொண்டுவந்தனர். அங்கே மண் பிசைந்தார்கள், செடி நட்டார்கள், கதை கட்டினார்கள், நாடகம் ஆடினார்கள். யாரும் ‘உனக்கு என்ன நேர்ந்தது?’ என்று முதலிற் கேட்கவில்லை. முகமூடி அணிந்து, அரசனாகவும் பறவையாகவும் நின்று, பிள்ளைகள் தமக்கு நேர்ந்ததைத் தாமே சுற்றிவளைத்துச் சொன்னார்கள். 2004-இல் அலை அக்கரையைத் தாக்கியபோது, அவ்வட்டாரத்தில் இத்தகைய வழி ஒன்று முன்னமே பழகியிருந்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய முஸ்லிம் ஊர்களை உள்ளடக்கிய அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அன்று 10,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதை நினைத்துப் பார்த்தால், அத்தகைய பூங்காக்கள் எத்தனை வேண்டியிருந்தன என்பது விளங்கும்.

நம் வீட்டு மௌனம்

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். நம்மிடையே துயருற்ற பிள்ளைக்கு முதலில் சொல்லப்படும் சொல் ‘ஸப்ரு செய்’ என்பது. உயர்ந்த சொல், ஆனால் அதனை ‘வாய் திறவாதே’ என்னும் பொருளில் வழங்குகிறோம். யஃகூப் நபி (அலை) அவர்களின் பொறுமை அழகிய பொறுமை என்று போற்றப்படுவது. அதே யஃகூப் நபிதான் மகனை எண்ணி எண்ணிக் கண்ணொளி இழந்தார்கள். தம் துயரை இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்களும் தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்தார்கள். மார்பில் அறைந்து ஓலமிடுவதை நம் மார்க்கம் தடுத்ததே தவிர, கண்ணீரையும் சொல்லையும் தடுக்கவில்லை.

இதைவிடக் கொடியது ஒன்று. பேரிடர் வந்த பின்னர், ‘இது பாவத்துக்குத் தண்டனை’ என்று சிலர் பேசுவது. எல்லாச் சமயத்தாரிடமும் இப்பேச்சு உண்டு. நம்மவரும் பேசியதுண்டு. பெரியவர்கள் இதனைப் பொதுப்படையான அறிவுரையாகக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். தங்கையின் கையை அலையில் நழுவவிட்ட பத்து வயதுச் சிறுவன் அதனை எவ்வாறு கேட்பான்? தான் செய்த பாவம் எதுவென்று இரவெல்லாம் தேடுவான். கணக்கில் செய்த பிழை, தாயிடம் சொன்ன பொய், தவறவிட்ட ஒரு வேளைத் தொழுகை என்று ஏதேனும் ஒன்றைக் கண்டுபிடித்தும் விடுவான். நீரில் மூழ்கி மாண்டோரை ஷஹீதுகளோடு சேர்த்தெண்ணும் மரபு நம்முடையது. அப்படியிருக்க, மாண்டோரையும் மீந்தோரையும் குற்றவாளிகளாக்கும் பேச்சை மிம்பரிலிருந்தும் மேடையிலிருந்தும் எழுத்திலிருந்தும் நாம் விலக்க வேண்டும். கதை ஆற்றும் என்றால், தவறான கதை புண்ணையும் ஆக்கும்.

நம் இலக்கியத்திலேயே இதற்குத் துணை உண்டு. தமிழுக்கு நம் முன்னோர் கொணர்ந்த வடிவங்களில் கிஸ்ஸாவும் முனாஜாத்தும் குறிப்பிடத்தக்கவை. கிஸ்ஸா என்பது கதை. ‘யூசுபு நபி கிஸ்ஸா’ நம் இல்லங்களில் பெண்கள் கூடி ஓதக் கேட்ட நூல். கிணற்றில் எறியப்பட்ட ஒரு சிறுவன், விற்கப்பட்டு, சிறைப்பட்டு, பஞ்சத்தில் ஒரு நாட்டுக்கே சோறிடும் நிலைக்கு வரும் வரலாறு அது. கிணற்றோடு அக்கதை நிற்பதில்லை; கிணற்றை மறைப்பதும் இல்லை. முனாஜாத்து என்பது அடியான் தன் குறையைத் தன் சொல்லால் இறைவனிடம் தனித்து முறையிடுவது. ஒன்று நடந்ததைத் தொடர்ச்சியாகச் சொல்லக் கற்பிக்கிறது. மற்றொன்று மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்லக் கற்பிக்கிறது. இவ்விரண்டையும் பழம்பெருமையாக மட்டும் பேசுகிறோம். நம் பிள்ளைகள் தம் சொந்தக் கிஸ்ஸாவைச் சொல்ல இவற்றை ஏன் வழியாக்கக் கூடாது?

சொல்லும் மொழியிலும் நாம் தாராளம் காட்ட வேண்டும். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்தபோது, தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சுமொழி அதே உயிர்ப்போடு அச்சேறிற்று. அது வழு என்று அன்று ஒதுக்கியிருந்தால் தமிழ் ஒரு பெரும் படைப்பை இழந்திருக்கும். பிள்ளையின் கதையில் எழுத்துப் பிழை திருத்தும் கை சற்றுப் பொறுக்கட்டும். சிவப்பு மை எடுத்த நாமே இதனைச் சொல்கிறோம்.

இன்னொரு கதையும் கேட்கப்படாமல் இருக்கிறது. சுனாமி நாளில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் திருமணத்துக்கெனச் சமைத்திருந்த உணவை அலையில் தப்பி வந்த மீனவக் குடும்பங்களுக்கு வழங்கினர். தங்க இடம் தந்தனர். தொடர்ந்து பல நாள் உணவளித்தனர். உடல்களை மீட்கவும் முன்னின்றனர். இதனை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆனால் அன்று உடல்களைச் சுமந்த இளைஞர்களுக்கு அதன்பின் உறக்கம் வந்ததா என்று எவரேனும் கேட்டோமா? உதவி செய்தவனுக்கும் ஒரு கயிறு உண்டு. அதில் அவன் தனியே வைத்த கல்லும் உண்டு. பெருமை பேசி அதன் மேல் மண் மூடிவிட வேண்டாம்.

எது நல்ல கதை?

‘ஆற்றுவது மருத்துவர் வேலை, திறனாய்வாளனுக்கு இங்கு என்ன அலுவல்?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாரக்கணக்கில் உறங்காத பிள்ளையையும், உண்ண மறுக்கும் பிள்ளையையும், சாவைப் பற்றியே பேசும் பிள்ளையையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே கடமை. 14416 என்னும் அரசின் மனநலத் தொலைபேசி எண்ணும் உண்டு. கதை அதற்கு மாற்றாகாது. ஆயினும் ஒரு பிள்ளை தன் துயரை எந்த வடிவத்தில் நினைவு வைத்துக்கொள்கிறது என்பது, நாம் எந்த வடிவத்தைப் பாராட்டினோம் என்பதைப் பொறுத்தது. பரிசும் பாராட்டும் பாடநூலும் வடிவங்களைக் கற்பிக்கின்றன. அங்கே திறனாய்வாளனுக்குப் பொறுப்பு உண்டு.

ஆகவே நம் அளவுகோலை மாற்றிக்கொண்டு சொல்வோம். தன் வீடும் தன் தெருவும் தென்படும் கதை நல்ல கதை. அலைக்கு முன்னும் பின்னும் உள்ள கதை நல்ல கதை. எவர் மேலும் பாவத்தைச் சுமத்தாத கதை நல்ல கதை. சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் விட்ட கதையும் நல்ல கதையே. முடியாததை முடியாததாகவே வைத்திருக்கும் கதை மிக நல்ல கதை.

பெற்றோருக்கும் மதரஸா உஸ்தாதுகளுக்கும் ஆசிரியர்களுக்கும் நாம் வேண்டுவது பெரிதன்று. புயல் பற்றிப் போட்டி வைக்காதீர்கள். துயரத்துக்கு முதற்பரிசு, இரண்டாம் பரிசு இல்லை. புயல் கடந்த ஒரு மாதத்திலோ ஓராண்டிலோ, பிள்ளை தானாகப் பேசும் வேளையில், கையிலுள்ள வேலையை விடாமல் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். இடையில் அறிவுரை சொல்லாதீர்கள். எழுத விரும்பினால் ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். படித்துக் காட்ட விரும்பினால் மட்டும் கேளுங்கள். நீங்கள் கண்ட புயலையும் சொல்லுங்கள். தானே புயலில் தாய் அஞ்சினாள் என்று அறிந்த மகள், ஃபெஞ்சலில் தான் அஞ்சியதற்கு வெட்கப்படமாட்டாள்.

மரக்காணத்தில் ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்த பின் மறுபடியும் பாத்தி மிதிக்கப்படுகிறது, நீர் பாய்கிறது, வெயில் தன் வேலையைச் செய்கிறது. கரைந்த உப்பு திரும்புவதில்லை. புதிய உப்பு விளைகிறது. அந்தச் சிறுமியின் தாள் நம்மிடம் இல்லை, பள்ளியிடமே ஒப்படைத்துவிட்டோம். திரும்பக் கிட்டுமாயின் சிவப்பு மையால் எழுதியதை அடித்துவிட்டு, அதன் கீழே ஒன்று மட்டும் கேட்டிருப்போம்: ‘அந்தக் கோட்டுக்கு எவ்வளவு உயரம், அம்மா? விருப்பமானால் சொல்.’